லடாக் செல்ல விரும்பும் கணவரிடம் நான் எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்?

தோவாளை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு 46 வயதாகிறது. தோவாளைப் பூச்சந்தையில் மொத்த வியாபாரம் செய்கிறார். எங்கள் வீட்டு வாசலிலிருந்து லே வரை தம்முடைய 350 சிசி புல்லட்டில் தனியாகச் சென்று வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஓண வியாபாரம் முடிந்த கையோடு புறப்பட்டு, ஆயுதபூசை வியாபாரத்துக்கு முன் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகளும் எட்டு வயது மகனும் எங்களுக்கு உண்டு.

நான் அவரைத் தடுக்க விரும்பவில்லை. ஆனால் மாமியார் முதல் கொழுந்தனார் வரை எல்லாரும் "இந்த வயதில் இது தேவைதானா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள், அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டு உள்ளுக்குள் புழுங்குவதைவிட, இன்னின்னவை இருந்தால் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. அந்த "இன்னின்னவை" எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். பாதுகாப்பு உடைகளுக்கு எவ்வளவு செலவிடுவது நியாயம் என்பதையும் சொல்லுங்கள். அவர் ஒரு ஹெல்மெட்டே போதும் என்கிறார்.

மார்த்தாண்டம் பயணி:

சகோதரி, நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள் பலர் வீட்டில் அனுமதி வாங்குவதோடு வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். வழி, தங்குமிடம், உடை, காப்பீடு, நாள் ஒன்றுக்கு ஓட்டும் தூரம் ஆகிய எல்லாவற்றிலும் வீட்டிலிருப்பவர்களுக்குச் சம உரிமை உண்டு என்பது பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு எனக்கு ஏற்பட்டுள்ள உறுதியான கருத்து. ஆகவே நீங்கள் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

முதலில் ஹெல்மெட். 2015 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானபோது, போலீசுக்குக் காட்டுவதற்கென்றே வாங்கப்பட்ட அரை ஹெல்மெட்டுகள் நம் ஊர்களில் இன்றும் புழங்குகின்றன. 2021 ஜூன் முதல் பி.ஐ.எஸ். என்னும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று பெற்ற ஹெல்மெட்டுகளை மட்டுமே தயாரிக்கவும் விற்கவும் வேண்டும் என்பது சட்டம். முகம் முழுவதையும் மூடும் வகையையே வாங்கச் சொல்லுங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது கன்னங்கள் நன்றாக அழுந்த வேண்டும். இரு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் முகத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். நாடியில் பட்டையை மாட்டிய பின் இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாமல் இருந்தாலும் உள்ளிருக்கும் தெர்மக்கோல் போன்ற பகுதி நசுங்கியிருக்கும். அதை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது ஜாக்கெட். இதில்தான் ஏமாற்று அதிகம். கடைக்காரர் காட்டும் ஜாக்கெட்டின் தோளிலும் முழங்கையிலும் உள்ள பையைத் திறந்து, உள்ளேயிருக்கும் கவசத்தை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேல் 'இ.என். 1621-1' என்ற ஐரோப்பியத் தரக்குறியீடும் லெவல் 1 அல்லது லெவல் 2 என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். சோதனைச் சாலையில் ஒரே விசையில் அடிக்கும்போது, லெவல் 1 கவசம் சராசரியாக 35 கிலோ நியூட்டன் வரை உடலுக்குக் கடத்தலாம். லெவல் 2 கவசம் 20-க்கு மேல் கடத்தக் கூடாது. பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் மெல்லிய ஸ்பாஞ்சைச் செருகிவிட்டு முதுகுக் கவசம் என்று விற்கிறார்கள். முதுகுக்கான தரக்குறியீடு தனி, அது 1621-2. அந்த எண் இல்லையென்றால் அதைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். இன்றைய விலையில் ஜாக்கெட்டும் முதுகுக் கவசமும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். கையுறையும் கணுக்காலை மூடும் காலணியும் அதற்கு மேல். ஆனாலும் கூடுதல் விளக்குகளுக்கும் சைலன்சருக்கும் பணம் செலவிட்டுவிட்டு இதற்குக் கணக்குப் பார்க்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

குளச்சல் பட்டறைக்காரர்:

உடையைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். நம் மாவட்டத்து வண்டிகளுக்கு உப்புக் காற்றுதான் பகை. கடலோர ஊர்களிலிருந்து என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் ஸ்போக் கம்பிகள் வெளியே மினுமினுப்பாக இருக்கும். ரிம்மோடு சேரும் நிப்பிளுக்குள் துரு தின்றிருக்கும். ஒவ்வொரு கம்பியையும் சிறிய ஸ்பேனரால் தட்டிப் பார்த்தால், நல்ல கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். தோவாளை கடலிலிருந்து சற்றுத் தள்ளியிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அவ்வளவு தூரம் போகக் கூடாது.

ஸ்போக் சக்கரமுள்ள புல்லட்டில் டியூப் டயர்தான் இருக்கும். ஆகவே கடைகளில் விற்கும் டியூப்லெஸ் பஞ்சர் குச்சிகள் அவருக்குப் பயன்படா. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒவ்வொரு மாற்று டியூப், டயர் லிவர்கள், காற்றடிக்கும் சிறிய பம்பு ஆகியவை வேண்டும்; அவற்றைக் கொண்டுபோனால் மட்டும் போதாது, பின்சக்கரத்தைத் தாமே கழற்றி மாட்டப் பழகியிருக்க வேண்டும். கிளட்ச் கேபிளுக்கு ஒரு வழி உண்டு: புதிய கேபிளைப் பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓட்டி, இரு முனைகளையும் டேப் சுற்றிக் கட்டிவிட்டால், நடுவழியில் பழையது அறுந்தால் டேங்கைக் கழற்றாமலேயே புதியதை மாட்டிக்கொள்ளலாம். செயின் செட், டயர், பிரேக் கட்டை ஆகியவற்றைப் புறப்படும் முந்தைய நாள் மாற்றக் கூடாது. இரண்டு வாரம் முன்னதாக மாற்றி, நம் ஊர்ச் சாலைகளிலேயே ஓட்டிப் பார்த்துக் கோளாறு ஏதும் இருந்தால் என் போன்றவர்களிடம் வந்து திட்டிவிட்டுப் போகலாம்.

வடசேரி இளைஞர்:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு, 24 மணி நேரத்துக்குள் ஆயிரம் மைல், அதாவது ஏறத்தாழ 1,610 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. நம் நாட்டிலும் பலர் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள். நானும் செய்வதாக இருக்கிறேன். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரும் தேசிய நெடுஞ்சாலை 44 சுமார் 3,700 கிலோமீட்டர். நல்ல நான்குவழிச் சாலை. அண்ணன் நாளொன்றுக்கு 700 கிலோமீட்டர் ஓட்டினால் ஆறே நாளில் ஸ்ரீநகர் சேர்ந்துவிடலாம். தூரம் ஆபத்தானதில்லை, ஆயத்தம் இல்லாமைதான் ஆபத்து.

மார்த்தாண்டம் பயணி:

தம்பி, ஆயத்தத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் குறிப்பிடும் அந்த அமைப்பே களைப்பைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் நீண்ட அறிவுரைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. சான்றிதழைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. மூன்று நொடி கண் அயர்ந்தால் 66 மீட்டர் தூரம் வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று பொருள். காரில் அப்படி அயர்ந்தவர் ஓரத் தடுப்பில் உரசித் தப்பிக்கலாம். நமக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. இரவில் பின்விளக்கு இல்லாமல் நிறுத்தப்பட்ட லாரிகளும், சாலையில் படுத்துக்கிடக்கும் மாடுகளும் அந்த நான்குவழிச் சாலையில்தான் இருக்கின்றன. ஒரு நாள் 700 கிலோமீட்டர் ஓட்டலாம். ஆறு நாள் தொடர்ந்து ஓட்டினால் நான்காம் நாளுக்குப் பிறகு உடம்பு பழகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் கவனம் மழுங்கியிருக்கும்.

என் கணக்கு நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர். இருட்டுவதற்கு முன் அறை எடுத்தாக வேண்டும். நாலைந்து நாளுக்கு ஒரு முறை முழு நாள் ஓய்வு வேண்டும். அப்படிப் பார்த்தால் ஸ்ரீநகர் சேரவே பதினொரு, பன்னிரண்டு நாள் ஆகும். அதற்கு விடுப்பு இல்லையென்றால் தூரத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, தூக்கத்தைக் குறைக்கக் கூடாது.

வடசேரி இளைஞர்:

நான்காம் நாள் கவனம் மழுங்கும் என்பது உங்கள் அனுபவம், அண்ணாச்சி. எல்லாருக்கும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் இரவில் ஓட்ட வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

கருங்கல் காப்பீட்டு முகவர்:

சகோதரி, வண்டியின் பாலிசித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அது வெறும் மூன்றாம் நபர் பாலிசியா, முழுமையான பாலிசியா என்பது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதிய இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. அதனால் பலர் எல்லாமே ஐந்து ஆண்டுக்கு இருப்பதாக நினைத்து, சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. உரிமையாளரே செல்லத்தக்க ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டினால்தான் அது கிடைக்கும். வண்டி உங்கள் மாமனார் பெயரில் இருந்தால் உங்கள் கணவருக்கு இதனால் பயனில்லை. மூன்றாவது, அதில் நாமினி யார் என்பது. திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசியையே புதுப்பித்துக்கொண்டு வருபவர்களின் தாள்களில் இன்றும் தாயார் பெயர் இருப்பதைப் பார்க்கிறேன். நான்காவது உங்களைப் பற்றியது: மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் அமர்ந்து வருபவருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்துள்ளது. லடாக்குக்கு நீங்கள் போகாவிட்டாலும் நாகர்கோவிலுக்குப் பின்னால் அமர்ந்து போகிறீர்கள் அல்லவா?

விபத்து நேர்ந்தால் தமிழ்நாட்டு எல்லைக்குள் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு. அதற்கு வெளியேயும் பயன்படும் வகையில், ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்துள்ளது. இவற்றை நம்பி மருத்துவக் காப்பீடு எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

தக்கலை ஆசிரியை:

நான் வண்டி ஓட்டுகிறவளில்லை. வண்டி ஓட்டுகிறவரின் மகள். நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அப்பா நீண்ட பயணங்கள் போவார். திரும்பி வந்ததும் அவருடைய ஜாக்கெட்டைப் பின்கட்டில் துவைக்கும் கல்லின் மேல் விரித்துப்போடுவார். கழுத்துப் பட்டையிலும் அக்குளிலும் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு கட்டியிருக்கும், நெஞ்சுப் பகுதியில் பூச்சிகள் ஒட்டிக் காய்ந்திருக்கும். அம்மா அதை யாரையும் தொட விடாமல் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார். அதில் உரசல் ஏதாவது இருக்கிறதா என்று தேடத்தான் அந்த வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. அப்பா கீழே விழுந்தால் சொல்ல மாட்டார், ஜாக்கெட் சொல்லிவிடும்.

வீட்டிலிருப்பவர்களுக்குத் தூரத்தைவிடத் தகவல் இல்லாத நேரமே பெரிய துன்பம். அப்பாவும் அம்மாவும் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான்: காலையில் புறப்படும்போது ஒரு செய்தி, மதியம் சாப்பிடும்போது ஒரு செய்தி, அறைக்கு வந்ததும் ஓர் அழைப்பு. இரவு ஒன்பது மணி வரை அழைப்பு வராவிட்டால் மட்டுமே அம்மா கவலைப்பட வேண்டும். அதற்கு முன் அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. ஓட்டும்போது தொலைபேசியை எடுக்க மாட்டார். இடத்தை நேரலையில் காட்டும் வசதியையும் ஒரு பயணத்தில் வைத்துப் பார்த்தோம். வரைபடத்தில் புள்ளி நகராமல் நின்றுவிட்டால், அவர் தேநீர் குடிக்கிறாரா, கீழே கிடக்கிறாரா என்று தெரியாமல் அம்மா தவித்ததைப் பார்த்த பிறகு நானே அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வேறு வீடுகளில் அது ஆறுதலாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம் கார்டுகள் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்வதில்லை. போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். இதை அறியாமல் போனால் ஜம்மு எல்லையைத் தாண்டியதும் அவருடைய தொலைபேசி ஊமையாகிவிடும். வீட்டில் ஒருவரும் அன்றிரவு தூங்க மாட்டீர்கள்.

தோவாளை வாசகி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இவை எல்லாவற்றையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். நாமினியாக மாமியாரின் பெயர்தான் இருக்கிறது. நாளையே மாற்றுவதாகச் சொல்லிவிட்டார். போஸ்ட்பெய்டு சிம்முக்கும் நாளொன்றுக்கு 400 கிலோமீட்டருக்கும் இணங்கிவிட்டார். இரண்டில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறார். பூச்சந்தைப் பழக்கத்தில் எப்போதும் மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார். ஆகவே அந்நேரத்துக்கே புறப்பட்டுவிடுவேன் என்கிறார். வெயிலில் ஜாக்கெட் போட்டால் வெந்துவிடுவேன் என்பது இரண்டாவது.

மகன் ஆரல்வாய்மொழி வரையிலாவது அப்பாவோடு வண்டியில் வந்து வழியனுப்ப வேண்டும் என்று அழுகிறான். அவனை ஏற்றலாமா? இன்னொரு யோசனையும் எனக்குத் தோன்றியிருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவிலுள்ள கட்ரா வரை ஹிம்சாகர் விரைவு ரயில் வாரம் ஒரு முறை செல்கிறது. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது. அவர் லே சென்று ஸ்ரீநகருக்குத் திரும்பும் நாளில் நானும் பிள்ளைகளும் அங்கே இருந்தால் என்ன? திரும்பும்போது வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டு நால்வரும் ஒன்றாக வந்துவிடலாமே.

மார்த்தாண்டம் பயணி:

இது நல்ல யோசனை, சகோதரி. தனியாகச் சென்று வருகிறவர்கள் பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் அலட்சியமாகிறார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரம் வந்துவிடும். உங்கள் திட்டத்தில் அந்தப் பகுதியே நீங்கிவிடுகிறது. ஸ்ரீநகர் வழியாக லே செல்வதிலும் ஒரு நன்மை உண்டு. மணாலி வழியைவிட இதில் உயரம் படிப்படியாகக் கூடுகிறது. சோஜி லா கணவாய் 3,528 மீட்டர், ஃபோட்டு லா கணவாய் 4,108 மீட்டர், அதன் பிறகு லே 3,500 மீட்டர் என்று இறங்கிவிடுகிறது. லேயில் இரண்டு நாள் ஓய்வெடுக்காமல் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாய்க்கு ஏறக் கூடாது. 46 வயதில் இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போவதும் நல்லது.

மகனைப் பொறுத்தவரை, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம். அதுவும் அவன் தலை அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆனால் பயணப் பைகள் ஏற்றிய வண்டியில், பாதம் கால்மிதியில் சரியாகப் பதியாத பிள்ளையை அந்தக் காற்றில் ஏற்றுவதை நான் விரும்பவில்லை. அவனை நீங்கள் பேருந்தில் அழைத்துக்கொண்டு போய் ஆரல்வாய்மொழியில் நில்லுங்கள்.

ஜாக்கெட் சூட்டுக்கு வழி உண்டு. வலை போன்ற துணியில் தைத்த ஜாக்கெட் வாங்கினால் ஓடும்போது காற்று உள்ளே வரும்; வெயில் மிகுந்த இடங்களில் உள்ளே போடும் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டால் உடம்பு குளிர்ந்தே இருக்கும். மழைக்கு ஜாக்கெட்டுக்குள் செருகும் உறையைவிட, மேலே போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டு நல்லது. ஜாக்கெட்டைக் கழற்றாமல் போட்டுக்கொள்ளலாம், ஜாக்கெட்டும் நனைந்து கனக்காது.

தோவாளை வாசகியின் கணவர்:

மனைவியின் கணக்கிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் வாங்கிவிடுகிறேன். ஆனால் மூன்று மணிக்குப் புறப்படுவதில் என்ன தவறு? நான் நாள்தோறும் அந்நேரத்தில் விழித்திருப்பவன். ஆரல்வாய்மொழிக் கணவாயிலே பிறந்து வளர்ந்தவன். அந்தக் காற்று விடியற்காலையில்தான் சற்றுத் தணிந்திருக்கும் என்பதும் தெரியும்.

மார்த்தாண்டம் பயணி:

அண்ணாச்சி, காற்றை நீங்கள் அறிவீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் பைகளும் மேலே ஒரு பெட்டியும் ஏற்றிய வண்டி காற்றில் நடந்துகொள்ளும் விதம் வேறு. முப்பந்தல் வரை காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். காவல்கிணற்றில் வடக்கே திரும்பியதும் இடப்பக்கத்திலிருந்து அறையும். வண்டியை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு ஓட்டுவீர்கள். அப்போது இடப்பக்கத்தில் செல்லும் லாரியை முந்தினால், லாரி காற்றை மறைத்துவிடும். சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கியே நகரும். லாரியைத் தாண்டியதும் காற்று மறுபடியும் அறைந்து நடுத் தடுப்பின் பக்கம் தள்ளும். வெளிச்சத்தில் இது நடந்தால் சமாளிக்கலாம். பெட்டியைக் கழற்றிவிட்டு, கனமான பொருள்களைப் பக்கப் பைகளில் கீழே வைத்துக் கட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சுமையோடு வள்ளியூர் வரை சென்று வாருங்கள்.

மூன்று மணிக்கு எழுந்துகொள்ளுங்கள். சுமை கட்டுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், சாப்பிடுங்கள். சக்கரம் ஐந்தே முக்காலுக்கு உருளட்டும். சந்தையில் மூன்று மணிக்கு விழித்திருக்கும்போது உங்களைச் சுற்றி ஆட்களும் விளக்கும் பேச்சும் இருக்கின்றன. கயத்தாறுக்கு அப்பால் இருட்டில் அவை எதுவும் இருக்காது.

தோவாளை வாசகி:

ஐந்தே முக்காலுக்கு ஒத்துக்கொண்டார். நேரடியாகச் சொல்லவில்லை, "சரி, விடு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பொருள். காலாண்டு விடுமுறையோடு மூன்று நான்கு நாள் பள்ளி போகும். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறாள் மகள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். ரயிலில் வண்டியை அனுப்பும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

குளச்சல் பட்டறைக்காரர்:

பெட்ரோலைச் சொட்டுக்கூட இல்லாமல் வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் பார்சல் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தின் நகலும் அடையாள அட்டையின் நகலும் வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்கும் ஹெட்லைட்டுக்கும் சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டச் சொல்லி, கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். உங்கள் ரயிலிலேயே வண்டியும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாள் கழித்து வந்து சேரலாம். ஓணத்துக்கு மூன்று வாரம் முன்னதாக அண்ணாச்சியை வண்டியோடு என் பட்டறைக்கு அனுப்புங்கள். பின்சக்கரத்தை அவர் கையாலேயே கழற்றி மாட்ட வைத்துத்தான் திருப்பி அனுப்புவேன்.